கனவுச்சாமியின் மருந்து

வில்லியனூர் ஆஸ்பத்திரி வாசலில் என் வண்டிமாடு தண்ணீர் குடிக்கிறது. பக்கத்து வண்டியில், வைக்கோல்மேல், நெட்டப்பாக்கத்துக் கரும்பாலையில் வலது கை நசுங்கிய ஒருவன் படுத்திருக்கிறான். கையை வெட்டி எடுக்கப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகிறார்கள். வழியெல்லாம் அலறியவனாம், இங்கே ஊசி போட்டதும் அடங்கிவிட்டான். காய்ந்த உதடு லேசாகச் சிரிக்கிறது.

"இன்னா மருந்துங்க ஐயா இது?" அவன் மனைவி காலிக் குப்பியை என்னிடம் நீட்டுகிறாள்.

பிரெஞ்சு எழுத்தை வாசிக்கிறேன். மோர்ஃபின். படித்த வாய் சும்மா இருக்கிறதா? கிரேக்கர்களுக்குக் கனவு கொடுக்கும் சாமி ஒன்று உண்டு, பெயர் மோர்ஃபியஸ், அந்தப் பெயரிலிருந்துதான் மருந்துக்குப் பெயர் வைத்தார்கள் என்கிறேன்.

"அப்போ அவரு இப்ப கனாவுலதான் இருக்காரா?"

"இருக்கலாம்மா."

"கனாவுல கை இருக்குமா?"

இருக்கும் என்று தலையை ஆட்டுகிறேன்.

சற்றுமுன் வரை "சீக்கிரம் பூட்டுண்ணே" என்று வண்டியோட்டும் அண்ணனை விரட்டியவள், வண்டி நகர்ந்ததும் அண்ணன் கையிலிருந்த தார்க்குச்சியைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

"மெள்ளப் போண்ணே. இன்னும் கொஞ்ச நேரம் ரெண்டு கையோட இருக்கட்டும்."