குவாட்டர்பேக் சர்டிபிகேட்

உருப்படியாக நான் சம்பாதித்தது ஒரே ஒரு சர்டிபிகேட். அதில் ‘ஃபுட்பால், குவாட்டர்பேக்’ என்று போட்டிருக்கும். கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த என்னை, அமெரிக்க ஃபுட்பாலை இங்கே நடத்தப்போகிறோம் என்று வந்தவர்கள் சம்பளம் பேசிக் கூட்டிப்போனார்கள். பேர்தான் ஃபுட்பால், காலால் உதைப்பது அபூர்வம். முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, முன்னால் ஓடும் நம் ஆளுக்குக் குறி பார்த்து எறிய வேண்டும். எறிகிறவன்தான் குவாட்டர்பேக். ஒரு சீசன் எறிந்தேன். அதற்குள் அவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள்.

பிறகு கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயில். ஐந்து வருஷமாக அதே மஞ்சள் கேட் பாஸ். பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். துவைக்க எடுக்கும் சட்டைப் பையிலிருந்து பாஸை உருவி வைத்துவிட்டு, “இது எப்போ நீலமாவும்?” என்பாள் என் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

போன வருஷம் மில்களுக்குள் ஃபுட்பால் போட்டி வைத்தார்கள். ஜெயித்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட் ஆளை பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு பெர்சனல் ஆபீசரிடம் ஓடினேன்.

“இன்னாபா, குவாட்டர்னு போட்டுக்கீது? சரக்குக்குக்கூட சர்டிபிகேட் தராங்களா?” என்று சிரித்தார்.

“பேக் சார். பின்னால நின்னுகினு ஆடுறது.”

“அப்போ டிஃபென்ஸு. ஜெயிச்சுக் குடு, உன் பேரை நானே எழுதி அனுப்புறேன்.”

இது வேறு ஆட்டம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நீல பாஸ் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மாதம், வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் உதைத்துப் பழகினேன். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே நின்று திருப்பி உதைத்தாள். “எனுக்கு பதிலா நீயே போயேன்” என்றேன். அவள் உதைதான் நேராகப் போனது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றது. எங்கள் கோல் முன்னால், என் தலைக்கு மேல் பந்து உயரமாக வந்தது. என்னைக் கேட்காமல் கொள்ளாமல் இரண்டு கையும் எழுந்து அதைப் பிடித்துவிட்டன. அதோடாவது விட்டேனா! இரண்டு எட்டு பின்னால் வைத்து, வலது கையை ஓங்கி, யார் ஓடுகிறான் என்று பார்த்தேன். யாரும் ஓடவில்லை. அத்தனை பேரும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதினார்கள். பெனால்டியில் தோற்றோம்.

“அறிவு கீதா உனுக்கு? கையாலயா புடிப்பே?” என்றார் ஆபீசர்.

“அந்த ஆட்டத்துல அப்படித்தான் சார்.”

“எந்த ஆட்டத்துல?”

நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் காரில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை அவளிடம் அப்படியே சொன்னேன். “புடிச்சதாவது ஒழுங்கா புடிச்சியா, இல்ல அதையும் உட்டுட்டியா?” என்றாள்.

“ஒழுங்காத்தான் புடிச்சேன்.”

இப்போதும் துவைக்கும்முன் அந்த மஞ்சள் பாஸை எடுத்து வைக்கிறாள். எப்போது நீலமாகும் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருக்கிறது.