ஐந்தாம் வகுப்பில் வளர்ந்த வஞ்சம்

2004 ஜூனில் லூர்துமேரி வேலை உத்தரவோடு அந்த நடுநிலைப்பள்ளிக்குள் நுழைந்தபோது, தலைமையாசிரியர் நாற்காலியில் சகாதேவன் உட்கார்ந்திருந்தார். அவள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவரோ தலையைக்கூட நிமிர்த்தாமல், "கையெழுத்துப் போடும்மா" என்றார்.

மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிய வெங்கடாசலத்தின் மகள் அவள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில், இதே சகாதேவன் சுகாதாரப் பாடம் நடத்தும்போது அவளை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார். உப்புப் பாத்தியில் அப்பாவுக்கு உதவப் போய்ப் புண்ணாகியிருந்த காலைத் தூக்கிக் காட்டச் சொல்லி, "அசிங்கம்னா இதுதான், பாத்துக்கங்க" என்றார். வகுப்பே சிரித்தது. உப்பில் விதை முளைக்குமா என்று சொல்லி உப்பளத்துப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் தரையில் உட்கார வைப்பது அவர் வழக்கம். லூர்துமேரி அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். மறுவருஷம் அம்மா அவளைக் கூனிமேட்டுப் பள்ளியில் சேர்த்தாள். தினமும் நடந்து போய்ப் படித்தாள்.

அவரைப் பழிவாங்க அவள் முதலில் யோசித்தது ஒரு மொட்டைக் கடிதாசி. எழுதியும் முடித்தாள். பிறகு கிழித்துப் போட்டாள். மாற்றல் கிடைத்தால் இன்னொரு ஊரில் இன்னொரு பிள்ளையை பெஞ்சில் ஏற்றுவார், அவ்வளவுதான். உப்பளத்துப் பிள்ளைகள் தேற மாட்டார்கள் என்ற அந்த நம்பிக்கையை அவர் கண்ணெதிரிலேயே உடைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

நாலாம் வகுப்பு அவளிடம் வந்தது. கடைசி வரிசை என்ற ஒன்றே இல்லாமல் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தாள். யாராவது தப்பாகப் பதில் சொன்னால் சிரிக்கக் கூடாது, "எப்படி யோசிச்ச?" என்று மற்றவர்கள் கேட்க வேண்டும். பிரம்பை ஒடித்து ஜன்னல் கொக்கிக்குச் செருகினாள். ஒருநாள் ஒரு பையன் காலைப் பைக்கடியில் மறைப்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றித் தன் பாதத்துத் தழும்புகளைக் காட்டினாள். "இது உப்பு தின்ன காலு. இதோடதான் டீச்சர் ஆனேன்." அன்று யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் காலை நீட்டிக்கொண்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு, எக்கியார்குப்பத்தில் அம்மாவை அலைக்குக் கொடுத்த ஜான்சி, சித்தி வீட்டுக்கு வந்து இந்த வகுப்பில் சேர்ந்தாள். நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. யாரும் அவளை வற்புறுத்தவில்லை. வட்டத்தில் அவள் முறை வரும்போது எல்லோரும் சற்று நேரம் காத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். ஒருநாள் அவளாகவே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். லூர்துமேரிக்குக் கண் கலங்கியது. ஆனால் முதலில் நினைத்தது சகாதேவனைத்தான். 'பாத்துக்கோ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுவருஷம் அதே பிள்ளைகளோடு ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். 2006 பிப்ரவரியில் உதவிக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. சகாதேவன் தான் நடத்திய எட்டாம் வகுப்பில் உப்பளத்துப் பிள்ளைகளை அன்று மட்டும் வர வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவளையும் கூப்பிட்டு அப்படியே சொல்லச் சொன்னார். அவள் தலையாட்டினாள். சாயந்தரம் தன் வகுப்புப் பிள்ளைகளின் வீடு ஒவ்வொன்றாகப் போய், ஒருத்தர் பாக்கியில்லாமல் வரச் சொல்லிவிட்டு வந்தாள்.

எழுபத்தைந்து கிலோ மூட்டை பன்னிரண்டு இருந்தால் மொத்தம் எவ்வளவு என்று அலுவலர் கேட்டார். ஜான்சி எண்ணூற்று இருபத்தைந்து என்றாள். வாசலில் நின்ற சகாதேவன் பல்லைக் கடித்தார். வட்டத்திலிருந்து ஒரு குரல், எப்படி யோசித்தாய் என்று கேட்டது.

"பத்து மூட்டை எழுநூத்தம்பது. இன்னொரு எழுபத்தஞ்சு..." ஜான்சி நிறுத்தினாள். "ஒரு மூட்டைய விட்டுட்டேன் சார். தொள்ளாயிரம்."

அலுவலர் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு சகாதேவனின் எட்டாம் வகுப்புக்குப் போனார். லூர்துமேரியும் கூடப் போனாள். பாதி இடம் காலி. கேள்வி கேட்டால் பையன்கள் சகாதேவனின் கையையே பார்த்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, உப்பளத்தார் சரியாக அனுப்புவதில்லை என்றார் சகாதேவன். பின்னாலேயே வந்திருந்த ஜான்சி, "பெரிய சார்தான் வராதீங்கன்னு சொன்னாராம். எங்க டீச்சர் வரச் சொன்னாங்க" என்றாள்.

ஒரு வாரத்தில் அவருக்கு மெமோ வந்தது. அன்று மாலை லூர்துமேரி அவர் அறைக்குப் போய், பெஞ்சில் நின்ற பெண் தான்தான் என்று சொன்னாள். அவர் மெமோவை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

"எத்தனையோ பேரு படிச்சாங்க. எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்க முடியுமா?"

"நீங்க வச்சிக்க வேணாம் சார். நான் வச்சிருக்கேன்."

மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் லூர்துமேரி முன்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த ஜாங்கிரியைத் துணுக்கு விடாமல் தின்றாள். அவளுடைய நாற்பத்தொரு பிள்ளைகளும் ஆறாவதுக்குப் போனார்கள்.

ஆனாலும் அந்த எட்டாம் வகுப்புப் பையன்களின் பார்வை அவளை விடவில்லை. இரண்டு வருஷம் எதிர் அறையில் பிரம்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தன் வகுப்பு ஜெயிப்பதிலேயே குறியாக இருந்துவிட்டாள். ஜூனில் அவளே கேட்டு எட்டாம் வகுப்பை வாங்கிக்கொண்டாள். ஏழாவதில் சகாதேவனிடம் கணக்குப் படித்த பிள்ளைகள். முதல் நாள், பலகையில் தேதி எழுதக் கையைத் தூக்கினாள். முன்பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சட்டென்று தலையை மறைத்துக்கொண்டார்கள்.

அவர் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு மறுபடியும் முதலிலிருந்து கோபம் வந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போடச் சொன்னாள்.