முள்ளை மாற்றினால் அடி மாறும்

தேன்மெழுகு சூடேறும்போது எழும் வாசனையில் பாதி பூ, பாதி புகை. எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, நெல்லிவாசல்நாடு என்ற எங்கள் மலையூரில் வீட்டு அடுப்படியில் அந்த வாசனைக்கு நடுவே உட்கார்ந்துதான் ஒரு தகரப் பொம்மையின் வயிற்றைத் திறந்தேன். படவேட்டுத் திருவிழாவில் அப்பா வாங்கி வந்த “சாவி பொம்மை” அது. முதுகில் சாவியைத் திருகினால் இரண்டு கையாலும் மேளம் தட்டும்; எத்தனை முறை திருகினாலும் அதே நாலு தட்டு. ஒரே வாரத்தில் எனக்குச் சலித்துவிட்டது.

உள்ளே ஒரு சுருள்வில், இரண்டு பல்சக்கரம், ஓரத்தில் மேடு மேடாகப் புடைத்த சின்னத் தகர வட்டு. மேடு வந்து நெம்பினால் கை ஏறும். மேடு கடந்தால் கை விழும். வட்டைக் கழற்றிவிட்டு, விரல் பருமன் மூங்கில் துண்டில் காய்ச்சிய ஊசியால் இரண்டு வரிசை துளை போட்டு, அடி விழவேண்டிய இடத்தில் மட்டும் காரைச் செடியின் முள்ளைச் செருகி, மெழுகு வைத்து இறுக்கி, அதன் இடத்தில் பொருத்தினேன். பொம்மை எங்கள் ஊர்ப் பண்டிகை மேளத்தை அடித்தது. முள்ளைப் பிடுங்கி வேறு துளையில் வைத்தால் வேறு அடி. “இதுக்கும் சாமி வந்துடுச்சா?” என்றாள் அம்மா.

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு கணினி, அதுவும் துணி போர்த்தியே இருக்கும். ஆனால் கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுவது கணினி, கட்டளை மாறினால் வேலை மாறும் என்று ஆசிரியை நடத்தியிருந்தார். ஆகவே ஆலங்காயத்தில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குக் கணினிப் பிரிவில் பெயர் கொடுத்தேன். ஆசிரியை சிரித்தார், ஆனாலும் தடுக்கவில்லை.

ஏதோ கல்லூரியிலிருந்து வந்திருந்த நடுவர் என் மேசை முன்னால் நின்றார்.

“இன்னாம்மா இது? கம்ப்யூட்டர் பிரிவுல பொம்மைய வெச்சிருக்க?”

“நாம சொல்றத செய்யும் சார். ஒரு அடி தட்டிக் காட்டுங்க.”

அவர் பேனாவால் மேசையில் தட்டினார்: மூன்று, ஒரு நிறுத்தம், இரண்டு. முட்களை மாற்றினேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சாவியைத் திருகினேன். மூன்று, ஒரு நிறுத்தம், இரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள், அவரைத் தவிர.

“ரெண்டும் ரெண்டும் எவ்ளோன்னு கேட்டா சொல்லுமா? மேளம் கிழிஞ்சிபோனா அடிக்கறத நிறுத்துமா? முள்ளு இருக்கற வரைக்கும் அடிச்சிக்கினே இருக்கும். இது பொம்மைதான்.”

என் அட்டையில் ‘கணினி’ என்பதை அடித்துவிட்டு ‘கைவேலை’ என்று எழுதினார். “மலைப் புள்ளைங்க கைவேலையில கெட்டிதான்” என்று ஆசிரியையிடம் அவர் சொன்னது, பாராட்டு போலவே இருந்தும், நெஞ்சில் சுருக்கென்றது.

மாலையில் கைவேலைப் பிரிவு முதல் பரிசுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. “ஏந்திரிம்மா, மானம் போவுது” என்றார் ஆசிரியை. பின்வரிசையிலிருந்த அப்பா எழுந்து வந்தார்.

“இன்னா கொற?”

“பிரிவ மாத்திட்டாங்கப்பா. நான் கைவேலைன்னு கொண்டாரல.”

அப்பா மேடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப அது நம்ம பரிசு இல்ல. வா, ஜீப்பு போய்டும்.”

மூன்றாவது முறையும் பெயரைக் கூப்பிட்டபோது நாங்கள் வாசலைத் தாண்டியிருந்தோம். மலையேறும் வழியெல்லாம் அழுதேன். பரிசுக்காக இல்லை. நடுவர் சரியான கேள்வி கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை.

இன்று வாணியம்பாடியில், தோல் வெட்டும் இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதிச் சம்பாதிக்கிறேன். நடந்ததைப் பார்த்து அடுத்ததை மாற்றிக்கொள்ள என் பொம்மைக்குத் தெரியாது, கணக்கும் தெரியாது. எனவே அதை முழுக் கணினி என்று சாதிக்கமாட்டேன். ஆனால் சுருள்வில்லையும் சக்கரத்தையும் தொடாமல், முட்களின் இடத்தை மட்டும் மாற்றி, பொம்மையின் வேலையை மாற்றினேனே, அதற்கு நிரல் என்றுதான் பெயர். நூற்றாண்டுகளுக்கு முன்பே முள் உருளையை வைத்துப் பொம்மைகளை ஆட்டுவித்தவர்கள் எழுதியதும் நிரல்தான். அவர்கள் தாளில் எழுதவில்லை, அவ்வளவே. ‘பாதி கணினி’ என்று நடுவர் எழுதியிருந்தால் பாதிப் பரிசை வாங்கக்கூட மேடையேறியிருப்பேன். ‘கைவேலை’ என்றார். அதை அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பமாட்டேன்.

அந்தப் பொம்மை இப்போது இல்லை; வில் அறுந்து, தகரம் துருவேறி, பழைய இரும்போடு போய்விட்டது. இப்போது திருவிழாவில் விற்கும் பொம்மைகளைத் திறந்தால், விரல் நுழைக்க இடமில்லாத கறுப்புப் பொட்டளவு மின்சில்லுதான் இருக்கிறது. கண்காட்சியும் நின்று வெகுகாலம் ஆயிற்று. எனக்கு உண்மையான இழப்பு இவையல்ல, வாதாட எனக்கு வாய்த்த எதிராளியான அந்த நடுவர். அவர் பெயரைக்கூட அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தாலும் வரட்டும், மீதிப் பாதியையும் பேசித் தீர்த்துவிடலாம்.