ஜானவாசக் காரும் புது கியர்பாக்ஸும்

அக்காவைக் கட்டிக்கொண்ட மாமாவிடம் ஒரு கார் இருந்தது. என்னிடம் எஸ்.எஸ்.எல்.சி. இருந்தது. இரண்டில் காராவது தள்ளினால் ஓடும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் வாடகைக்கு ஓடிய கார்களில் மேல்கூரையை மடக்கிப் பின்னால் போடக்கூடிய பெரிய கார் மாமாவுடையது. பகலில் ஜங்ஷனுக்கும் கோர்ட்டுக்கும் சவாரி போகும். ஆனால் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஸ்ரீரங்கத்து ஜானவாசம்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, முன்னால் நாகஸ்வரம் போக, வீதியைச் சுற்றி அழைத்து வருவார்கள். கார் நடக்க வேண்டும், ஓடக்கூடாது. முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, நாகஸ்வரக்காரர் நின்றால் நின்று, நகர்ந்தால் நகர வேண்டும். மாமா ஓட்டினால் மாப்பிள்ளையின் கழுத்து மாலை ஆடாது. பெண்ணைப் பெற்றவர்கள் காரைக் கேட்டு வரமாட்டார்கள், "அந்த டிரைவர் வருவாரோ?" என்றுதான் கேட்பார்கள். மாமாவுக்கு உலகத்தில் வேறு பெருமை கிடையாது. இன்னொருத்தன் ஓட்ட அந்தக் காரில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

நான் அவருக்கு உதவி. பானெட்டில் மல்லிகைச் சரம் கட்டுவது, கண்ணாடி துடைப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகியவை என் வேலைகள். கடைசி வேலையில் மட்டும் எனக்குப் பழக்கம் போதவில்லை. லைசென்ஸும் வைத்திருந்தேன். நான் முதன்முதலில் மைதானத்தில் ஓட்டிக் காட்டியபோது கார் தவளை மாதிரி தாவியதைப் பார்த்து, மேய்ந்துகொண்டிருந்த கழுதைகளே வேறு மைதானம் போய்விட்டன.

பழைய கியர்பாக்ஸின் பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது. எந்த கியரை எப்படித் திணித்தாலும் பொக்கை வாய்க் கிழவரைப் போல முனகாமல் விழுங்கிவிடும். ஆனால் ஓடும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. அதே ரகத்துக் கார் ஒன்று வாய்க்காலில் விழுந்து உடைசலுக்குப் போனதில் கியர்பாக்ஸ் மட்டும் புதுசு போல் கிடைத்தது. பாலக்கரையில் ஒரு ஒர்க் ஷாப்பில் மாட்டினார்கள். மேஸ்திரி பருத்த மனிதர். எந்தக் கோளாறைச் சொன்னாலும் முதல் பதில், "ஒண்ணும் இல்லைங்க."

மாட்டிய அன்றைக்கே மாமா ஒரு சுற்று போய்விட்டு முகம் கறுத்துத் திரும்பினார்.

"முதல் கியர் விழ மாட்டேங்குது. கரகரன்னு கத்துது. விழுந்தாலும் வண்டி குதிக்குது."

"ஒண்ணும் இல்லைங்க" என்று மேஸ்திரி ஏறி உட்கார்ந்தார். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். "இப்ப என்னங்க?"

"சூடு ஏறினாத்தான் காட்டும்" என்றார் மாமா.

அங்கேதான் என் படிப்பு உள்ளே நுழைந்தது. சூட்டில் இரும்பு விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். கிளட்ச் பிளேட் விரிந்து ஒட்டிக்கொள்கிறது, அதனால் மிதித்தாலும் இன்ஜினும் கியரும் பிரிவதில்லை என்று விளக்கினேன். அத்தனை தெளிவாக நான் எதையும் அதற்கு முன் விளக்கியதில்லை. மேஸ்திரியே தலையாட்டினார். தலையாட்டியதோடு நிற்காமல் கியர்பாக்ஸைக் கீழே இறக்கினார். பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. எண்ணெய் கெட்டி என்று மாற்றினார். போல்ட்டுகள் கோணல் என்று தளர்த்தி மறுபடி இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் அவர் ஓட்டினால் வண்டி சாது. மாமா வெளியே எடுத்துப் போனால் கரகர. நான் ஒரு வாளித் தண்ணீரோடு காத்திருந்து, திரும்பி வந்த வண்டியின் அடியில் ஊற்றிக் குளிரவைத்துப் பார்த்தேன். என் வேட்டி நனைந்தது.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு ஜானவாசத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நாள் நெருங்க நெருங்க மாமா பேச்சைக் குறைத்தார். சாப்பாட்டில் பாதி இலையில் நின்றது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வண்டி என்னடா ஆச்சு? அவரு மாடிப்படியில ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறறாரு. கேட்டா வண்டிக் கவலைங்கறாரு" என்றாள். கவலைக்குப் படி ஏறத் தெரியாதா என்று ஒரு ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் மேஸ்திரி, "யாராச்சும் வண்டிக்கு அடியில இருக்கற குழியில இறங்கி, கிளட்ச் கம்பி முழுசா இழுக்குதான்னு பாக்கணும்" என்றார். அவர் இறங்கினால் ஏற்றுவதற்கு வேறு ஆள் வேண்டும். நான் இறங்கினேன். தலைக்கு மேல் கியர்பாக்ஸ். அதன் பக்கத்தில் ஒரு குட்டை இரும்புக் கை. மேலே மிதியை மிதித்தால் கம்பி அந்தக் கையை இழுக்கும், இழுத்தால்தான் கிளட்ச் பிரியும். மிதிக்குப் பக்கத்துப் பலகையைக் கழற்றி வைத்திருந்ததால் சந்து வழியாக மேலேயும் தெரிந்தது.

முதலில் மேஸ்திரி மிதித்தார். இரும்புக் கை நன்றாகப் பின்னால் போய் நின்றது.

"இப்ப நீங்க மிதிங்க மாமா."

கை பாதி தூரம் வந்து நின்றது.

"மிதிங்க மாமா."

"மிதிச்சாச்சு மாப்ள."

"முழுசாவா?"

"முழுசாத்தான். வேற எப்படி மிதிப்பாங்க?"

சந்து வழியாகப் பார்த்தேன். மிதி அடிப்பலகையைத் தொடவே இல்லை. அதன்மேல் மாமாவின் இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்காலை இடது கையால் கீழ்நோக்கி அமுக்கிக்கொண்டிருந்தார்.

பல் தேய்ந்த பழைய கியர்பாக்ஸ் பாதி மிதிக்கே இடம் கொடுத்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ தெரியாது. புதுசுக்குப் பல் கூர்மை, அது கத்திவிட்டது.

பார்வையை இரும்புக் கைக்குத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன தெரியுது?" என்றார் மாமா மேலேயிருந்து. குரல் சாதாரணமாக இல்லை.

"வெளிச்சம் போதலைங்க மாமா."

குழியிலிருந்து ஏறி வந்தபோது மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் மாமாவின் முழங்காலைப் பார்த்தார். முதல் தடவையாக "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லவில்லை.

"கம்பியை இறுக்கி வச்சா லேசா மிதிச்சாலே பிரிஞ்சிரும்" என்றார் தரையைப் பார்த்து. "ஆனா காலை எடுத்தப்புறமும் முழுசாப் பிடிக்காது. வழுக்கும். பிளேட்டு எரிஞ்சிரும்ங்க."

"இறுக்குங்க" என்றார் மாமா.

மாமா டீ குடிக்கப் போன சமயம் மேஸ்திரி என்னிடம், "ஜானவாசத்தன்னிக்கு நீங்க ஓட்டுங்களேன், தம்பி" என்றார்.

"நான் ஓட்டுனா மாப்பிள்ளை எகிறிப் போயி பக்கத்து வீட்டுப் பொண்ணு முன்னாடி விழுவாரு. அப்புறம் அந்தப் பொண்ணுக்குத்தான் தாலி கட்டணும்."

அவர் சிரித்தார்.

காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை கார் ஒழுங்காக வந்தது. மாமாகூட லேசாக விசிலடித்தார். உத்தர வீதியில் மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக ஏறினார். பெண்ணின் தகப்பனார் வந்து, "டிரைவர், நிதானமா அழைச்சுண்டு போகணும்" என்றார். நாகஸ்வரம் கிளம்பியது. கார் நடந்தது. மாலை ஆடவில்லை. மாமா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார், இன்னொரு கை முழங்காலில் இருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த நான் வீதியைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் மூலை திரும்புமுன் கருகல் வாசனை வந்தது.

"என்னடா இது, பெட்ரோமாக்ஸ் கருகறதே" என்று பெண்ணின் தகப்பனார் விளக்குத் தூக்கியவரைக் கோபித்தார். அவர் பாவம், விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு, தன் மேல்துண்டையும் முகர்ந்து பார்த்தார். கொஞ்ச தூரத்தில் இன்ஜின் உறுமியது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. நாகஸ்வரம் போய்க்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை தனியாக, தனக்கு ஏதோ ஆகிவிட்டது போல் இரண்டு பக்கமும் பார்த்தார்.

மாமா இன்ஜினை அணைத்தார். நியூட்ரலில் போட்டார். "மாப்ள, எறங்கித் தள்ளு."

நான் தள்ளினேன். பெண்ணின் அண்ணன்மார் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கூடவே தள்ளினார்கள். சத்தமே இல்லாமல் கார் மிதந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனாருக்கு எதுவும் தெரியவில்லை. மண்டப வாசலில் மாமாவிடம் வந்து, "இத்தனை அழகா எந்த ஜானவாசமும் நடந்ததில்லை போங்கோ" என்றார். மாமா கும்பிட்டார். தள்ளினவர்களோடு நின்று நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பாராட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை.

மறுபடி பாலக்கரை. எரிந்த பிளேட்டைக் கழற்றிப் புதுசு போட்டார் மேஸ்திரி. கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "எப்படி வைக்கட்டுங்க?"

"எப்படி வைக்கணுமோ அப்படி வைங்க" என்றார் மாமா.

வேலை முடிந்ததும் காரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மேஸ்திரி கையைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வெளியே நின்றேன்.

"ஏறு" என்றார்.

ஏறினேன். மிதித்து முதல் கியரைத் தள்ளினேன். கரகர என்று கத்தியது.

மாமா நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிதான் மிதிக்கிறே. முழுசா மிதி மாப்ள. உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

பலகையைத் தொடும்வரை மிதித்தேன். கியர் விழுந்தது.