தெத்துப்பல்

எங்கள் தையல் கடையில் அக்கா என்றால் அவள் ஒருத்திதான். கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கும். ஆனால் நூலைத் தெத்துப்பல்லால்தான் கடித்து அறுப்பாள். சொன்னால் கேட்கிற ஆளா? அந்தப் பல்லின் மேல் அவ்வளவு பெருமை. அவள் மகளுக்கும் அதே இடத்தில் அதே தெத்துப்பல். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தபோது, அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, "என் பல்லுடி அது, எதுக்குக் கூச்சம்?" என்று கேட்டாளாம்.

அந்த மகள் வேலைக்கென்று கடல் தாண்டிப் போய் வருஷக்கணக்காகிறது. வருகிறேன் வருகிறேன் என்பாளே தவிர வரமாட்டாள். ஒரு வருஷமாகப் போனில் முகம் காட்டுவதும் நின்று, குரல் மட்டும்தான். அக்கா கடைக் கண்ணாடியில் ஈயென்று இளித்துப் பார்ப்பாள். பைத்தியமா என்று கிண்டல் செய்தேன். மகளைப் பார்க்கிறாளாம்.

அந்தப் பல்லில்தான் சொத்தை விழுந்தது. முதலில் தண்ணீர் பட்டால் கூசியது, பிறகு தூங்க விடாத வலி. நான்தான் இழுத்துப் போனேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, சொத்தை நரம்பு வரை போய்விட்டது, வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். வேர் என்றதுதான் தாமதம், அக்கா நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள். வேரைப் பிடுங்கினால் பல் எப்படி நிற்கும் என்று என்னிடம் சண்டை. வேருக்குள் கெட்டுப்போனதை மட்டும்தான் எடுப்போம் என்று டாக்டரம்மா சொன்னது மண்டையில் ஏறவில்லை. கடைசியில் எங்கள் பாஷையில் நான் சொன்னேன்: தலையணைக்குள் நாறிப்போன பஞ்சை எடுத்துவிட்டு வேறு அடைத்துத் தைப்பதில்லையா, உறை அதேதானே. ஏறி உட்கார்ந்தாள்.

பிடுங்கிவிட்டு வரிசையாகக் கட்டுப்பல் வைத்தால் அழகாக இருக்குமே என்றும் டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார்.

"அழகெல்லாம் வேண்டாம்மா. எம் பொண்ணு வந்து பாக்குற வரைக்கும் இது இருக்கணும்."

ஈறு மரத்துப்போக ஊசி போட்டார்கள். பல்லில் துளையிட்டு, மெல்லிய அரத்தால் உள்ளே சுரண்டி, கழுவி, மருந்து வைத்தார்கள். அடுத்த முறை போனபோது அடைத்தார்கள். மேலே போடும் உறையும் கோணலாகவே வேண்டுமென்று அக்கா ஒரே அடம். இனிமேல் இந்தப் பல் கூசாது, நூலை மட்டும் கடிக்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. மறுநாளே கடித்தாள்.

ஒரு மத்தியானம் மகள் முகம் காட்டிக் கூப்பிட்டாள். அக்கா முந்திக்கொண்டு பல்லைக் காட்டினாள். மகளும் சிரித்தாள். வெள்ளையாக, வரிசையாக இருந்தன பற்கள்.

"கம்பி போட்டுச் சரி பண்ணிட்டேம்மா. முடிஞ்சப்புறம் காட்டலாம்னுதான் இத்தனை நாளா முகமே காட்டல. நல்லா இருக்கா?"

எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள்தான் என்ன தப்பு செய்தாள்?

"ரொம்ப நல்லா இருக்குடி கண்ணு" என்று அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கை எழுந்து வாயைப் பொத்தியது. நான் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

பேசி முடித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். பாதியில் நின்ற தையலை முடித்தாள். மடியிலிருந்த கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, நூலை வெட்டினாள்.