அண்ணன் விற்காத மண்ணெண்ணெய்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அவருடைய மகன் கேட்டபோது, பிறந்த ஊர், படித்த பள்ளி, நல்ல குணம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இந்த மலரை வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் என் அண்ணனைத் திருடன் என்று நம்புகிறவர்கள். அப்படி நம்பவிட்டவள் நான்.

அண்ணன் பிறந்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து. தொழிற்பள்ளியில் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டு, அம்மாவையும் என்னையும் சதுரங்கப்பட்டினத்துக்கு அழைத்து வந்தார். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர் இரண்டு படகுகளின் பின்பக்கம் இன்ஜின் பூட்டி, கடலோரமாக ஓடும் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குச் சவுக்குக் கட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த இன்ஜின்கள் அண்ணனின் பொறுப்பு.

பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டிய இன்ஜின்கள். எண்ணெய் கூடினால் கரும்புகை கக்கும். குறைந்தால் சூடேறி பிஸ்டன் இறுகிவிடும். மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்த்து, எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குருவைத் திருகுவார்கள். அண்ணன் அதை ஏற்கவே மாட்டார். "தொட்டியில சிரிக்கிற இன்ஜினு பாரம் ஏத்துனா அழுவும்" என்பார். கட்டை ஏற்றிய படகில் நடுக்கால்வாய் வரை போய், சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கால் திருகு, அரைத் திருகு என்று வைப்பார்.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று உண்டு. அதன் நடுவில் இருக்கும் பொடித் துளை வழியாகத்தான் எண்ணெய் போகும். பீப்பாய்த் துரு வந்து அதை அடைத்துக்கொள்ளும். அண்ணன் வாயால் ஊதித்தான் சுத்தம் செய்வார். ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெருத்துவிடும் என்று படகுக்காரர்களுக்கெல்லாம் அலுக்காமல் சொல்வார். "சோறு துன்னும்போதும் மண்ணெண்ண நாத்தம். உனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்" என்று அம்மா திட்டுவார்.

எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அந்தப் படகுப் பெரியவரின் தம்பி மகன். அப்போது அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். ஒரு காலையில் படகோட்டி கார்புரேட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாத்த, இன்ஜின் இழுக்க மாட்டேங்குது. கட்டையெல்லாம் ஏத்தி ரெடியா கீது."

அண்ணன் படுத்தபடியே அதைப் பிரித்து ஜெட்டை என்னிடம் கொடுத்தார். அதற்கு முன்பும் நான் ஊதியிருக்கிறேன். வெளியே யாருக்கும் தெரியாது. இன்ஜினில் கை வைக்கிற பெண்ணை அன்றைக்கு எந்த மாமியார் ஏற்றுக்கொள்வார்?

"ஊதும்மா பாப்பா. வேற இன்னாத்தயும் உள்ள வுடாத" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

ஊதினேன். அடைப்பு போகவில்லை. படகோட்டி வாசலில் நின்று அவசரப்படுத்தினார். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த ஊசி பக்கத்திலேயே கிடந்தது. அதை விட்டுக் குடைந்தேன். துளையில் வெளிச்சம் தெரிந்தது. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று பூரித்துப்போனேன். அண்ணன் எழுந்து எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின், ஒரு டின் எண்ணெயில் போய்வந்த படகு ஒன்றரை டின் குடித்தது. ஒருநாள் கோவளம் பக்கத்தில் எண்ணெய் தீர்ந்து நின்றேவிட்டது. அண்ணன் ஜெட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"பாப்பா, ஊசி வுட்டியா?"

"இல்லண்ணா. சத்தியமா ஊதத்தான் ஊதுனேன்."

அண்ணன் ஜெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி, வுடு" என்றார்.

பெரியவரிடம் போய், ஊசி விட்டது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். கல்யாணமாகிப் போன வீட்டில் அந்தப் பெரியவரே சிரித்துச் சிரித்துச் சொன்னபோதுதான் இது எனக்குத் தெரிந்தது.

"ஊசி வுடாத, ஊசி வுடாதன்னு ஊருக்கே ஓதுனவன், நானே வுட்டுட்டேன்றான். யாராண்ட காது குத்தறான்? எண்ணெய வித்துத் துன்னுட்டு கத சொல்றான். தங்கச்சி இன்னா பண்ணும் பாவம்னுதான் கல்யாணத்த நிறுத்தல."

மண்ணெண்ணெய்க்கு ரேஷனில் வரிசை நின்ற காலம். எல்லோரும் நம்பினார்கள். நான் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் கதையை எத்தனையோ விசேஷங்களில் கேட்டிருக்கிறேன். ஒருமுறை, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். தூ, நானும் ஒரு மனுஷியா.

அண்ணனை வேலையை விட்டு அனுப்பினார்கள். வேறு யாரும் படகு பக்கம் சேர்க்கவில்லை. செங்கல்பட்டுக்கே திரும்பி, கிணற்று மோட்டார்களைப் பழுது பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். என் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் போனார். கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது, "அண்ணா, அந்த ஜெட்டு" என்று ஒருநாள் ஆரம்பித்தேன். நர்ஸ் உள்ளே வந்தார், நிறுத்திக்கொண்டேன். நர்ஸ் மேல் பழி போட மாட்டேன். எனக்குத்தான் தைரியம் இல்லை.

இதுவரை எழுதியதை முதலில் அண்ணன் மகனிடம் கொடுத்தேன். படித்து முடித்தவன் அமைதியாகச் சொன்னான்.

"தெரியும் அத்தை. நான் பத்தாவது படிக்கறப்ப ஒருத்தன் என்னைத் திருடன் மவன்னான். அவன அடிச்சிட்டு வந்தேன். அன்னிக்கு அப்பா எங்க எல்லாருக்கும் சொன்னாரு. அத்தை தானா சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கேக்கக் கூடாதுன்னாரு."

அதற்குப் பின்னும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தூக்கோடு என் வாசலில் வந்து "அத்தை" என்று நின்ற பிள்ளைகள் இவர்கள். எல்லாம் தெரிந்துகொண்டே நின்றிருக்கிறார்கள்.

அண்ணனுக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்த அண்ணிக்கும், ஜெபித்த சபையாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. என்னை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட அண்ணன் பிள்ளைகளுக்கு நன்றி என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. என் புகுந்த வீட்டாரை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விசேஷத்திலும் அந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் பந்தியில் இருக்கும்போதே, என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.