லேபிள் போன ஐரிஷ் பாட்டில்

எங்கள் டவுன்ஷிப்பில் மாதக் கடைசி வந்தால் யாராவது ஒருவர் ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்வார். மற்றவர்கள் கட்டிலையும் டைனிங் டேபிளையும் விலை பேசப் போவார்கள். நான் ஹால் ஷோகேஸை எட்டிப் பார்க்கப் போவேன். தலையாட்டி பொம்மைக்கும் விளையாட்டு விழா ஷீல்டுக்கும் நடுவே, மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இஞ்சினியர் யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன பாட்டில் ஒன்று திறக்காமலே நிற்கும். அதில் ஐரிஷ் விஸ்கி என்றால் விடமாட்டேன். என் பீரோவின் மேல்தட்டு நிறைந்தது அப்படித்தான்.

ஒரு பொம்பளை விஸ்கி சேர்க்கிறாளே என்று பிளாக் முழுக்கப் பேச்சு. பேசட்டும். லிக்னைட் நிலக்கரியைச் சோதிக்கிற ஆய்வகத்தில் எனக்கு வேலை. வாரம் முழுக்கக் கரித்தூளை முகர்கிற மூக்குக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நல்லதாக எதையேனும் காட்ட வேண்டாமா? ஒரு மடக்குதான், அதற்கு மேல் கிடையாது. என் வீட்டுக்காரர் மோரைத் தாண்டாதவர். ஆனால் என் கிளாஸைக் கழுவித் துடைத்து எடுத்து வைப்பது அவர்தான்.

போன மாதம் எதிர்வீட்டு அக்காவின் கணவர் ரிட்டயர் ஆனார். அக்கா தன் ஷோகேஸ் பாட்டிலைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பச்சைக் கண்ணாடி. லேபிள் இருந்த இடம் மொட்டையாக இருந்தது.

"தெனம் பவர் ஹவுஸ் சாம்பல் வந்து படியுதே, அப்படியே வுட முடியுமா? ஈரத்துணியால தொடச்சிக்கினே இருந்தேன். சீட்டு கொஞ்சம் கொஞ்சமா வந்துடுச்சி," என்றார் பெருமையாக. "மெஷின் பூட்ட வந்த அயர்லாந்து தொரை குடுத்தது. அவுங்க அப்பாரு வெச்சிருந்த பாட்டிலாம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் காலத்து ஐரிஷ் விஸ்கி! அதன் பெயரையே சுத்தமாகத் துடைத்து எடுத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து கொழுந்தனார் விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே ஏதோ விஸ்கி கிளப்பில் மெம்பர். பாட்டிலைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணி, ஷோகேஸ் பாட்டில்னாலே டீ டிகாஷன்தான். காலி பாட்டில்ல ஊத்தி மூடி வெச்சிருப்பாங்க. நம்ம அம்மாவே வெச்சிருந்தாங்களே."

பொய்யில்லை. பாதி டவுன்ஷிப் அழகுக்காக அப்படித்தான் வைத்திருக்கிறது.

"டிகாஷன்னா எப்பவோ பூசணம் பூத்திருக்கும். வெளிச்சத்துல பாருங்க, எவ்ளோ தெளிவா இருக்கு."

"சரி, விஸ்கியாவே இருக்கட்டும். ஐரிஷ்னு எதை வெச்சு சொல்றீங்க? ஸ்காட்சா இருந்தா?"

"நாக்கை வெச்சு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோர் முன்னாலும் திறப்பேன், முதலில் நான் குடித்துச் சொல்வேன், பிறகு கார்க்கைப் பார்க்கலாம் என்றேன். பழைய பாட்டில்களின் கார்க்கில் எழுத்தைச் சுட்டுப் பதித்திருப்பார்கள். அது என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. நான் தோற்றால் என் மேல்தட்டு மொத்தமும் அவருக்கு. சொல்லிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி பீரோவைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலும் நான் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது.

ஞாயிறு வந்தது. ஹாலில் கொழுந்தனார், எதிர்வீட்டு அக்கா, அவர் கணவர், என் வீட்டுக்காரர். கார்க்கில் திருகியை இறக்கி இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்து பாதி கையோடு வந்தது, மீதி பாட்டிலுக்குள் விழுந்தது. தீர்ப்பு சொல்லவேண்டிய கார்க்கே தூள்.

"போச்சு," என்றார் கொழுந்தனார். குரலில் துக்கம் கொஞ்சமும் இல்லை.

வீட்டுக்காரர் உள்ளே போய், வெந்நீரில் அலசிக் காயவைத்த மல் துணியைக் கொண்டுவந்தார். அதில் வடிகட்டினேன். துணியில் தங்கிய கார்க் துண்டுகளைக் கொட்டப் போனபோது அக்கா வாங்கிக்கொண்டார். நான் கிளாஸைத் தூக்கினேன்.

மூக்கருகே வந்ததுமே என் பயம் போய்விட்டது. பலாச்சுளை! பண்ருட்டிப் பலா, நன்றாகப் பழுத்து, அறுத்த கத்தியிலேயே மணக்கிற பலா. வாயில் விட்டால் எண்ணெய் போல வழவழப்பு, கடைசியில் மிளகுக் காரம். இதே வழவழப்பை, இதே காரத்தை என் மேல்தட்டில் வேறு இரண்டு பாட்டில்களில் குடித்திருக்கிறேன்.

"ஐரிஷ்தான்," என்றேன். "பலாப்பழம் மணக்குது."

"ருசி பார்த்து எழுதுற எந்த டேஸ்டிங் நோட்லயும் பலாப்பழம்னு கிடையாது அண்ணி."

"எழுதினவங்க பண்ருட்டிக்கு வந்திருக்க மாட்டாங்க."

"சரி, ப்ரூஃப்?"

நாக்குக்கு என்ன சாட்சி?

"இரு, இரு," என்று அக்காவின் குரல் கேட்டது. அவர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. எவர்சில்வர் தட்டில் ஈரக் கார்க் துண்டுகளைப் பரப்பி ஒன்றோடு ஒன்று பொருத்திக்கொண்டிருந்தார். மேலே கரிய கோடுகள் தெரிந்தன. விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"ஐ... ஆரு... ஐ... எஸ்ஸு... எச்சு பாதிதான் கீது. பாரு தம்பி."

கொழுந்தனார் குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் கத்தியே விட்டேன். இத்தனை வருஷம் தேய்த்துத் தேய்த்துப் பெயரை அழித்த கையே அதை எடுத்துக் கொடுத்துவிட்டது! அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு கிளாஸில் ஊற்றி அக்காவின் கணவரிடமும் கொழுந்தனாரிடமும் கொடுத்தேன். கொழுந்தனார் முகர்ந்தார், குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காலி கிளாஸை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம்..."

பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டேன். "முதல்ல என்ன வாசனைன்னு சொல்லுங்க."

கொழுந்தனார் உதவிக்குத் தன் அண்ணனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பலாப்பழம்," என்றார் லண்டன் கிளப் மெம்பர்.

ஊற்றினேன்.